நெத்திலிக்கு வந்த வரன்

கையில் கொஞ்சம் அதிகாரம் வந்துவிட்டால் அடுத்தவர் குற்றமெல்லாம் பளிச்சென்று தெரியும், நம்முடையது மட்டும் தெரியவே தெரியாது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர் தோணிரேவில், நண்டு ஷெட் வாசலில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஊரே பார்க்கத் தெரிந்துகொண்டேன்.

முதலில் என் அதிகாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் பிடிக்கிற நண்டை எங்கள் பெண்கள் குழுதான் வாங்கி, கொடுக்கைக் கட்டி, கம்பெனி வண்டியில் ஏற்றும். சின்ன நண்டையெல்லாம் வாரி எடுத்துவிட்டால் அப்புறம் ஏரியில் என்ன மிஞ்சும் என்று ஊர்க் கூட்டத்தில் பேசி, ஒரு மரக்கட்டை செய்தார்கள். கட்டையின் நடுவில் ஒரு வெட்டு இருக்கும். நண்டின் ஓடு அந்த வெட்டுக்குள் நுழைந்துவிட்டால் அது சின்னது, திரும்ப ஏரிக்கே போக வேண்டும். வயிற்றில் முட்டையோடு வருகிற சினை நண்டும் அப்படித்தான். இந்த அளவுக்கட்டையை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து, ஊரிலேயே முகதாட்சண்யம் இல்லாத ஆள் என்று என்னிடம் கொடுத்தார்கள். (அதைப் பாராட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

அன்றிலிருந்து என் நடையே மாறிப்போனது. சொந்தக்காரர், சண்டைக்காரர் என்ற பேதம் கிடையாது. என் வீட்டுக்காரர் சேவியர் கொண்டுவந்த நண்டையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டு தேசம்மாள்தான் கொஞ்சம் முரண்டு பிடிப்பாள்.

"இன்னாக்கா, ஒரு நூலுதான கம்மி. போனா போவுது, வுடேன்" என்பாள்.

"நூலோ கயிறோ, சைஸ் இல்ல. ஏரியில வுடு" என்பேன் நான்.

அதோடு விட்டால் பரவாயில்லை. கூடவே ஒரு பிரசங்கமும் வைப்பேன். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஜீவனைத் தூக்கி வருகிறாயே, நீயும் ஒரு தாய்தானே என்று குரல் தழுதழுக்கக் கேட்பேன். தேசம்மாள் அந்த நண்டைத் தண்ணீரில் வீசும்போது என்னைத்தான் வீசுகிறாள் என்று எனக்கே தெரியும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது. மீஞ்சூரில் இருக்கிற என் அக்கா வீட்டுப் பொமரேனியன் குட்டி போட்டதில் கடைசிக் குட்டி அது. நாய்க் கண்காட்சி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு ஜாதிக்கும் இவ்வளவு எடை, இவ்வளவு உயரம் என்று ஒரு ஸ்டாண்டர்ட் வைத்திருக்கிறார்களாம். இந்தக் குட்டி அதற்கு ரொம்பக் கீழே. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அக்கா என் மடியில் போட்டாள். நான் ஏஞ்சல் என்று பெயர் வைத்தேன். சேவியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னாமே, நெத்திலி மாரி கீது" என்றார். ஏஞ்சல் அன்றோடு போயிற்று. ஊர் முழுக்க நெத்திலி என்றுதான் கூப்பிட்டது.

வளர்ந்தும் நெத்திலி வளரவில்லை. சேவியரின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். அக்கா வீட்டுக்குப் போய்வரும்போது ரயிலில் யாராவது கேட்பார்கள், "எத்தனை மாசக் குட்டிங்க?" நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, "மூணு வயசுங்க" என்பேன். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே காரணமில்லாமல் ரயில் ஏறியிருக்கிறேன்.

போதாதென்று ஒரு வாட்ஸப் குழுவில் வேறு சேர்ந்தேன். எல்லாரும் ஸ்டாண்டர்டை விடச் சின்ன நாய் வைத்திருப்பவர்கள். ஒருவர் நாயை டம்ளருக்குள் உட்காரவைத்துப் படம் போடுவார், இன்னொருவர் செருப்புக்குள் படுக்கவைத்துப் போடுவார். நான் நெத்திலியை இறால் போடுகிற ஓலைப் பறிக்குள் வைத்து எடுத்த படத்துக்கு வந்து விழுந்த இதயங்களைப் பார்த்து எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. குழுவில் ஒரே ஒருவர் மட்டும், ரொம்பச் சின்னதோடு ரொம்பச் சின்னதைச் சேர்க்காதீர்கள், தாய் தாங்காது என்று எழுதினார். அவரை உடனே குழுவை விட்டு நீக்கினார்கள். நான் கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவைத்தேன்.

ஏனென்றால் அதற்குள் எனக்கு ஒரு லட்சியம் பிறந்திருந்தது. நெத்திலிக்கு அவளை விடச் சின்னதாக ஒரு மாப்பிள்ளை பார்த்து, அதற்குப் பிறக்கிறதை இன்னும் சின்னதோடு சேர்த்து, கடைசியில் சட்டைப்பைக்குள் குடியிருக்கிற ஒரு புது ஜாதியையே உருவாக்கிவிடுவது. அதற்கு "பழவேற்காடு மினி" என்று பெயர்கூட வைத்துவிட்டேன். காசுக்காக இல்லை. காசுக்காக என்றால் சேவியராவது புரிந்துகொண்டிருப்பார். இது முழுக்க முழுக்கப் பெருமைக்காக, அதாவது ரயிலில் இன்னும் பெரிதாக ஆச்சரியப்படுவார்கள் என்பதற்காக.

சேவியர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. வலையோடு பேசுவார், காற்றைத் திட்டுவார், வீட்டில் தலையை ஆட்டுவார். அன்று நெத்திலி அவர் மார்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் என் திட்டத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டவில்லை.

"இது எப்டிமே பெத்துக்கும்?" என்றார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்யா. எனக்கு ரெண்டு புள்ளையும் ஆபரேஷன்தான? நான் இன்னா செத்தா போயிட்டேன்?"

"உன்ன கேட்டு பண்ணாங்க. நீ கையெழுத்து போட்ட. இத யாரு கேட்டா?"

பதில் தெரியாதபோது நான் செய்கிறதைச் செய்தேன். பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன். "உனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு" என்றேன். அவர் கம்மென்றுதான் இருந்தார். (சேவியர் கம்மென்று இருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்த கடைசி நாள் அது.)

மாப்பிள்ளை அமைந்தது ஆரம்பாக்கத்தில். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தாமோதரன் என்பவரின் நாய், பெயர் சுல்தான். ஒரு வீடியோ அனுப்பினார். நாக்கை ஒரு ஓரமாக வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, பின்னங்கால் ஒன்றை மடக்கி மடக்கித் தாளம் போடுகிற மாதிரி ஒரு நடை. அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று என் போனுக்குத்தான் தெரியும். அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

"டான்ஸ் ஆடுவான்மா எங்க பையன்" என்றார் தாமோதரன் போனில். "ஒரு கெட்ட பழக்கம் கெடயாது. தெரு நாயிங்களோட சேரமாட்டான்."

"சைஸு ஸ்டாண்டர்டுக்குக் கீழதானங்க?" என்று கேட்டேன், நல்ல குடும்பமா என்று கேட்கிற தோரணையில்.

"ரொம்ப கீழம்மா. அந்த ஸ்டாண்டர்டெல்லாம் மெடலு வாங்கறவங்களுக்கு. நாம இன்னா மெடலா வாங்கப் போறோம்? ஆசைக்கு வளக்கறோம். ஆசைக்கு ஏதும்மா அளவு?"

என்ன ஒரு உயர்ந்த வாக்கியம் என்று நினைத்தேன். இரண்டு பேரும் போனிலேயே தட்டு மாற்றிக்கொள்ளாத குறையாகப் பேசி முடித்தோம். நெத்திலிக்குச் சேருகிற நாள் வந்ததும் சொல்லியனுப்ப, தாமோதரன் மாப்பிள்ளையோடு கிளம்பிவிட்டார். எனக்கு அன்று ஷெட்டில் முறை. அதனால் ஷெட்டுக்கே வந்துவிடுங்கள், அங்கிருந்து வீட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன்.

காலையில் நெத்திலியைக் குளிப்பாட்டி, சிவப்பு ரிப்பன் கட்டினேன். பிறகு நான் உடுத்தப் போனேன். பட்டுப்புடவை. (ஏன் என்று கேட்காதீர்கள். பெண் வீட்டுக்காரி அல்லவா.) கொசுவத்தை ஒழுங்குபண்ணிக்கொண்டு வெளியே வந்தால் நெத்திலியைக் காணோம். சேவியரையும் காணோம். வலை மட்டும் வேலியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் வலையில்லாமல் படகெடுக்கிறவன் ஒன்று சண்டை போட்டுக்கொண்டு போகிறான், இல்லையென்றால் எதையோ ஒளிக்கப் போகிறான். வாசலில் நின்றிருந்த தேசம்மாள் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தாள்.

"அண்ணன் போட் எடுத்துனு போவுதுக்கா. லுங்கி மடிப்புல செவப்பா ரிப்பன் தெரிஞ்சிது."

பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஏரிக்குள் கழியை ஊன்றிப் படகைக் கட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

நான் ஷெட்டுக்குப் போவதற்குள் மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார். தாமோதரன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் ஒயர் கூடை. கூடைக்குள்ளிருந்து சுல்தானை எடுத்தார். ஜரிகைக் கரை வைத்த ஒரு துண்டு வேட்டி அவனுக்கும் கட்டியிருந்தது. நண்டு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கயிற்றைக் கீழே போட்டார்கள்.

"பொண்ணு எங்கம்மா?" என்றார் தாமோதரன்.

"ரெடியாயினு கீறா" என்றேன். (படகில்.)

அப்போதுதான் தேசம்மாள் எழுந்தாள். ஆணியில் மாட்டியிருந்த அளவுக்கட்டையை எடுத்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. என் நடை, என் குரல், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு தாமோதரன் முன்னால் வந்து நின்று, "கொஞ்சம் காட்டுங்கண்ணா" என்று சொல்லி, கட்டையைச் சுல்தான் தலைக்கு நேராகப் பிடித்தாள். சுல்தான் ஆர்வமாகத் தலையை வெட்டுக்குள் விட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"நூலு கம்மியோ கயிறு கம்மியோ" என்றாள் தேசம்மாள். "சைஸ் இல்ல. ஏரியில வுடு."

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது. ஒருத்தி நண்டுக் கூடைமேலேயே சாய்ந்துவிட்டாள். தாமோதரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது ஏதோ எங்கள் ஊர்ச் சடங்கு என்று நினைத்து, அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

"இல்லக்கா, தெரியாமதான் கேக்கறேன்" என்றாள் தேசம்மாள். "சின்ன நண்ட புடிச்சா ஏரி அழிஞ்சி பூடும்ன. சின்ன நாய நீயே பண்ணா இன்னா ஆவும்?"

நாய் வேறு, நண்டு வேறு என்று ஏதோ ஆரம்பித்தேன். எனக்கே காதில் விழவில்லை. இந்த அவமானத்துக்கெல்லாம் காரணம் படகில் உட்கார்ந்திருக்கிறவர்தான் என்று தோன்றியது. விறுவிறுவென்று தண்ணீர் ஓரத்துக்குப் போய்ப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"யோவ், மரியாதையா கரைக்கு வா. மாப்ள வூட்டுக்காரங்க வந்து ஒக்காந்துனு கீறாங்க."

"வரமாட்டேன்" என்றார் சேவியர், திரும்பாமலே.

"எவ்ளோ நேரம் ஒக்காந்துனு இருப்ப?"

"நெத்திலிக்கு நாளு போற வரைக்கும். பிஸ்கட் எடுத்தாந்துகீறேன்."

பின்னால் மறுபடி சிரிப்பு. காற்று அன்று ஏரியிலிருந்து கரைக்கு அடித்தது. அவர் முணுமுணுத்தாலும் ஷெட்டுக்குக் கேட்கும் என்ற நிலை.

"ஒரு பொம்பளயோட ஆசைய புரிஞ்சிக்கத் தெரியல உனுக்கு" என்று கத்தினேன்.

அப்போதுதான் திரும்பினார். கோபமாகவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஸ்டெல்லா, சினை நண்ட கண்டா நீதான தண்ணில வுட சொல்ற. இத சினையாக்கறதுக்கு பொடவ கட்டினு நிக்கறியே. இதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சினா நான் இன்னாமே பண்ணுவேன்?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. பின்னால் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக உடையாத குரல் என்று பொறாமையாக இருந்தது. வீம்பை விடவும் மனசில்லை. அடுத்து என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஷெட்டிலிருந்து வீலென்று ஒரு சத்தம் வந்தது.

எல்லாரும் படகையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சுல்தான், தாமோதரன் மடியிலிருந்து இறங்கி, இன்னும் கொடுக்கு கட்டாத நண்டுத் தொட்டியை எட்டிப் பார்த்திருக்கிறான். வேட்டி தடுக்கியது. மாப்பிள்ளை தொட்டிக்குள். பெரிய சேற்று நண்டு ஒன்று ஜரிகைக் கரையைப் பிடித்துக்கொண்டது. தேசம்மாள் ஒரு நொடி யோசிக்கவில்லை. கையை விட்டு, அன்றைக்கு வந்ததிலேயே பெரிய அந்த நண்டின் கொடுக்கை முறித்துப் போட்டுவிட்டுச் சுல்தானைத் தூக்கினாள். வேட்டி நண்டோடு போயிற்று. சுல்தான் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நடுங்கினான்.

"என் புள்ள காலு போச்சே" என்று தாமோதரன் அழ ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு சேவியர் படகையும் விட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே வந்தார், நெத்திலியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி. ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பட்டுப்புடவையில் நான், சொட்டச் சொட்ட சேவியர், விக்கி விக்கி அழுகிற தாமோதரன். பெண்ணும் மாப்பிள்ளையும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்தது அங்கேதான். இருவருமே கொட்டாவி விட்டார்கள்.

பொன்னேரி கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் வரிசையில் நின்று டாக்டரம்மாவிடம் காட்டினோம். இளவயசுப் பெண். சுல்தான் காலை மெதுவாக நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"நண்டு ஒண்ணும் பண்ணலங்க. முட்டிச் சில்லு எடம் மாறி மாறிப் போகுது. இது ரொம்ப நாளா இருக்கு. காலை மடக்கி மடக்கி நடப்பானே?"

"டான்ஸ் ஆடுவாங்க" என்றார் தாமோதரன்.

"டான்ஸ் இல்லங்க. கால ஊன முடியல அவனால. வலிக்குது."

தாமோதரன் அழுகையை நிறுத்திவிட்டார். நாக்கு ஏன் வெளியே தொங்குகிறது என்று நான் கேட்டேன். தாடை ரொம்பச் சின்னது, பல் நிற்காமல் விழுந்துவிட்டது, அதனால் நாக்கும் நிற்கவில்லை என்றார். அந்த வீடியோவை நான் அத்தனை தடவை பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒரு ஜீவன் நொண்டுவதைப் பார்த்து நான் இதயம் அனுப்பியிருக்கிறேன்.

அடுத்து நெத்திலி. டாக்டரம்மா என் விரலைப் பிடித்து அவள் உச்சந்தலையில் வைத்தார். மெத்தென்று இருந்தது. மண்டை ஓடு அங்கே சேரவேயில்லை, உள்ளே துடிப்பது விரலுக்குத் தெரிந்தது. மூன்று வருஷமாக நான் படம் எடுத்துக்கொண்டிருந்த தலை அது. ஒருநாள்கூட அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"இவளுக்குக் குட்டி தரிச்சா பொழைக்கிறது கஷ்டங்க" என்றார் அவர். "சின்னதா இருக்கறது இவ தப்பு இல்ல. நல்லா வெச்சிக்கலாம், ரொம்ப நாள் இருப்பா. ஆனா இதுல இருந்து இன்னும் சின்னதா ஒண்ணு வேணும்னு நாம நெனைக்கிறோம் பாருங்க, அதுதான் தப்பு."

நான் அழுதுவிட்டேன். மானம் மரியாதை எல்லாம் காலையிலேயே போய்விட்டதால் தாராளமாக அழ முடிந்தது. பயத்தில் அழுதேன். சேவியர் மட்டும் படகெடுக்காமல் இருந்திருந்தால் என்ற பயம். அவர் ஈரக் கையாலேயே என் தோளைத் தட்டிவிட்டு, "வுடுமே, ஒண்ணும் ஆவல இல்ல" என்றார். நெத்திலி எழுந்து என் முகத்தை நக்கினாள். அவளுக்கு எங்கள் யார்மேலும் எந்தப் புகாரும் இல்லை.

இனிமேல் குட்டி தரிக்காமல் இருக்க நாய்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே என்று தாமோதரன்தான் முதலில் சொன்னார். நெத்திலி உடம்புக்கு மயக்க மருந்தே ஆபத்து, அதனால் சுல்தானுக்குப் பண்ணிவிடுவது சுலபம் என்றார் டாக்டரம்மா. உடம்பு கொஞ்சம் தேறியதும் தாமோதரன் தானே சுல்தானைக் கூட்டிப்போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டு எங்களுக்குப் போன் பண்ணினார். காலுக்கும் வைத்தியம் நடந்தது. இப்போது சுல்தான் டான்ஸ் ஆடுவதில்லை, சாதாரணமாக நடக்கிறான். நான் வாட்ஸப் குழுவில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். என்னையும் நீக்கிவிட்டார்கள். யாரோ கைதட்டியிருப்பார்கள்.

நடக்காத அந்தக் கல்யாணத்தால் நடந்தது ஒன்று உண்டு. தாமோதரன் குடும்பமும் நாங்களும் சம்பந்தியாகிவிட்டோம். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. இப்போது அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் எங்களுக்குத் தனிப் பத்திரிகை, எங்கள் வீட்டிலிருந்து நண்டும் இறாலும் சீராகப் போகும். என் பிள்ளைகள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தேசம்மாளும் பெண் வீட்டுக்காரி என்ற முறையில் எல்லாவற்றுக்கும் கூடவே வந்துவிடுவாள்.

போன மாதம் ஆரம்பாக்கத்தில் தாமோதரன் மகளுக்குக் காது குத்து. பந்தியில் எங்கள் எதிரே ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். நீங்கள் யார், எந்த ஊர் என்று விசாரித்தார். சம்பந்தி முறை என்றேன். எத்தனை வருஷம் ஆச்சு என்றார், சொன்னேன். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அக்கறையோடு என்னைப் பார்த்தார்.

"இன்னும் பேரப்புள்ள எதுவும் இல்லியாம்மா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. பக்கத்திலிருந்த தேசம்மாள் சாம்பாரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். விசேஷ வீடுகளில் வாயே திறக்காத சேவியர், அப்பளத்தை உடைத்தபடியே பதில் சொன்னார்.

"இல்லம்மா. பொண்ணு ஒடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாங்க. அதனால மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் பண்ணிட்டோம்."

பெரியம்மா இடது கையால் முந்தானையைத் தேடினார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"எந்த ஆம்பள இந்தக் காலத்துல இதுக்கு ஒத்துப்பான்? தங்கமான புள்ளம்மா. அவருக்கு தம்பி யாராவது கீறாரா? எங்க வூட்லயும் ஒரு பொண்ணு கீது."